ஆறு நாள் பட்டினியும் எட்டாவது கட்டமும்

சாப்பாட்டு அறையில் அன்று இருந்தவர்கள் ஒன்பது பேர். கிழக்கு ஜன்னலுக்கு முதுகு காட்டி, மேசையின் தலைப்பக்கம், மேலாளர் ஆரோக்கியராயன். அவருக்கு வலப்புறம் காற்றாலைக் கோபுரம் ஏறுகிற நால்வர் வரிசையாக: அமலி, அவளோடு ஒரே கயிற்றில் ஏறுகிற சந்தியாகு, அடுத்த கயிற்றுக்காரர்களான கில்பர்ட், ராயப்பன். இடப்புறம் மின்பொறி பார்க்கிற செல்லையா. அவருக்கு அடுத்து, சமையல்கட்டுக் கதவு கைக்கெட்டும் தூரத்தில், சமையல்காரர் கொம்பையா. மேசையின் மறுமுனையில், தாளும் பேனாவும் அரக்குக் குச்சியுமாகப் பதிவாளர் தாணுமூர்த்தி. ஆக மேசையில் எட்டுப் பேர். ஒன்பதாவது ஆளான செவிலியர் மெகராஜ் பேகம் வாசலோரம் ஒரு முக்காலியில், மருந்துப் பெட்டியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மாதம் ஒருமுறை வரும் படகில் காலையில் வந்தவர், நாலு மணிக்கு அதே படகில் தூத்துக்குடி திரும்ப வேண்டும்.

இந்த விவரத்தைத்தான் தாணு தன் தாளில் முதலில் எழுதினார். சட்டம் அப்படி.

யார் வண்டி ஓட்டலாம், யார் உயரம் ஏறலாம், யாருடைய இதயம் எத்தனை வருடம் தாங்கும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற முடிவகத்தில் மனிதர்கள் கிடையாது. ஒரு காலத்தில் அதன் முடிவுகளை எதிர்த்து மனுப் போடுவது சுலபமாக இருந்தது. இயந்திரத்திடம் சொன்னால் அது உருக்கமாக ஒரு மனு எழுதித் தரும். முடிவக இயந்திரம் அதை உருக்கமில்லாமல் தள்ளுபடி செய்யும். ஒரே நாளில் கோடி மனு வந்து குவிந்த பிறகு சட்டத்தை மாற்றினார்கள். ஆட்கள் நேரில் கூடி, வெளியாள் ஒருவர் சாட்சியிருக்க, கைப்பட எழுதி, அரக்கு முத்திரை வைத்து அனுப்பும் கடிதம் மட்டுமே இனி செல்லும். அதை மதுரையில் மூன்று மனிதர்கள் படிப்பார்கள். கூட்டம் உண்மையாகவே நடந்ததா என்று பார்க்க, வெளியாளைத் தவிர மற்றவர்களை, அவரவர் வேலையிடத்திலேயே, திரையில் தனித்தனியே கூப்பிட்டு, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்பார்கள். ஒருவர் இடம் மாறினாலும் கடிதம் குப்பைக்குப் போய்விடும்.

அதனால்தான் கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் காற்றாலைகளுக்கு நடுவே மிதக்கிற அந்த இரும்பு மேடையிலும், அழகான கையெழுத்துள்ள ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

"எழுதியாச்சா தாணு?" என்றார் ஆரோக்கியராயன்.

"அமர்ந்த விதம் எழுதியாச்சு சார். இனி விஷயம்."

அந்த விஷயம் அமலியின் இடது மணிக்கட்டில் சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது.

மேடையில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் காப்பு அணிய வேண்டும். அது வருடத்துக்கு ஒருமுறை, சொன்ன தேதியில், தோலுக்கு அடியிலிருந்து துளி ரத்தம் எடுத்துக் கொழுப்பை அளக்கும். கெட்ட கொழுப்பு என்று ஊரில் சொல்கிற எல்.டி.எல். நூற்றுத்தொண்ணூறைத் தாண்டினால் கோபுரம் ஏறுகிறவருக்குச் சிவப்பு. நூற்று நாற்பது மீட்டர் உயரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் இறக்கிக் கொண்டுவர யாராலும் முடியாது என்பது அதற்குச் சொல்லும் காரணம். காரணத்தில் தப்பில்லை. ஆனால் சிவப்பு விழுந்து முப்பது நாளுக்குள் மறுப்புக் கடிதம் போகவில்லையென்றால் அந்தச் சிவப்பு ஆயுளுக்கும் மாறாது. இன்றைக்கு இருபத்தேழாம் நாள். அடுத்த படகு அடுத்த மாதம்தான்.

தாணுவின் கையில் காப்பு இல்லை. எழுத்துப் பணியாளர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதை வருடாவருடம் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். அவர் ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. எண்களைப் பதிவேட்டில் படியெடுப்பது என் வேலை, எண்ணாக இருப்பது என் வேலையில்லை என்று விளையாட்டாகச் சொல்வார். உண்மையான காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. அவருடைய அப்பா விளாத்திகுளம் பேருந்து நிலையத்தில், பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோதே போய்ச் சேர்ந்தார். வயது நாற்பத்துமூன்று. அப்பாவின் அப்பா நாற்பத்தைந்து. தாணுவுக்கு இப்போது நாற்பத்தொன்று. அவருடைய அறையில் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டி, எது யாருக்கு என்று எழுதி வைத்திருந்தார்.

"முன்னாடி எவ்வளவு இருந்துச்சும்மா ஒனக்கு?" என்று மெகராஜ் கேட்டார். காயல்பட்டினத்துக்காரர். மேடையில் எல்லாருக்கும் அவர் லாத்தாதான், அந்த ஊர் வழக்கில் அக்கா.

"போன வருசம் நூத்திநாப்பத்திரெண்டு லாத்தா. பச்சைதான். ஆனா இந்த வருசம் கூடிருமோன்னு பயம். தலைமை ஏறுகாரியாப் போடப்போறோம்னு சார் சொல்லியிருந்தாவ. அதனால கொறைச்சுக் காட்டணும்னு…" அமலி நிறுத்தினாள்.

"நல்லாத் தின்னியாக்கும்?"

"எங்க தின்னேன்! ஆறு நாளு பட்டினி. வெறும் நீச்சத்தண்ணியும் கடுங்காப்பியும். பன்னெண்டு மணி நேரம் சாப்புடாம இருக்கணும்னு காப்புல வந்துச்சு. பன்னெண்டு மணி நேரத்துக்கே ரத்தம் சுத்தமாகும்னா ஆறு நாளைக்கு எப்படி ஆகும்னு நெனச்சேன். எரநூத்திப் பதினொண்ணு வந்து நிக்கி." மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். "ஒண்ணும் திங்காமலே ஏறுதுன்னா என்ன அர்த்தம்? ரத்தமே கெட்ட ரத்தம்னுதான? இனிமே என்ன பத்தியம் இருந்து என்ன செய்ய?"

இந்த இருபத்தேழு நாளில் அவளை நிலைகுலைய வைத்தது அந்தக் கேள்விதான். இரண்டு தட்டுச் சோறு தின்கிற பெண், எதை வைத்தாலும் பயந்து பயந்து பாதியில் கையைக் கழுவினாள். சும்மா இருக்கும்போதுகூட இடுப்பு வாரைக் கழற்றாதவள், கரைக்குப் போனதும் சாமான் கிட்டங்கியில் திருகாணி எண்ணத்தான் விடுவார்கள் என்று தானே சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை யாராலும் பார்க்க முடியவில்லை.

மெகராஜ் முக்காலியை மேசைப் பக்கம் இழுத்தார்.

"லாத்தா, நகராதீய!" என்று பதறினார் தாணு. "வாசலோரம்னு எழுதிட்டேன்."

"சரிப்பா, நகரல." அவர் இருந்த இடத்திலிருந்தே சத்தமாகப் பேசினார். "ஆறு நாளு பட்டினி கெடந்தியே, தனியாவா கெடந்த?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தியாகுதான் சொன்னான்: "அதெப்படி லாத்தா? கயிறு இருக்குல்லா?"

வெளியாளுக்கு அதை விளக்க வேண்டியிருந்தது. ஒரு கயிற்றில் ஏறும் இரண்டு பேரில் ஒருவர் சாப்பிடாவிட்டால் மற்றவரும் சாப்பிடக் கூடாது. மேலே போய் ஒருவருக்குத் தலை சுற்றினால் மற்றவர் உயிரும் போகும் என்பதால் வந்த பழக்கம். சாப்பிட மறுப்பவனைச் சோறு தின்ன வைக்க அதைவிட நல்ல வழி இல்லை. நாளடைவில் அது இரண்டு கயிற்றுக்கும் பரவி, பிறகு மேசைக்கே பரவிவிட்டது. அமலி சாப்பிட மாட்டேன் என்றாள். சந்தியாகு தட்டைக் கவிழ்த்தான். அவனைப் பார்த்துக் கில்பர்ட்டும் ராயப்பனும். பிறகு செல்லையா, மேலாளர், தாணு, எல்லாரும். அந்த வாரம் காற்று அதிகம், கோபுரம் ஏறுகிற வேலை இல்லை. அதனால் யாரும் விழவில்லை.

"எட்டுப் பேருமா? ஆறு நாளுமா?" மெகராஜ் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். "அட பைத்தியங்களா! அப்புறம் எல்லாருக்கும் அன்னைக்கேதான் காப்பு அளந்துச்சா?"

"மேடைக்கே ஒரே தேதிதான்" என்றார் ஆரோக்கியராயன். "ஆனா மத்த யாருக்கும் சிவப்பு வரல. பச்சைதான் எல்லாம்."

"பச்சைன்னா எத்தனை?"

அது யாருக்கும் தெரியவில்லை. பச்சை வந்தால் யாரும் எண்ணைப் பார்ப்பதில்லை. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் தாணு. எல்லா எண்களையும் அவர் கையால்தான் பதிவேட்டில் எழுதியிருந்தார். வரி கோணாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல். ஆனால் எழுதினாரே தவிர, படிக்கவில்லை. எழுந்துபோய்ப் பதிவேட்டை எடுத்துவந்தார். (எழுந்ததையும், திரும்பி அதே இடத்தில் உட்கார்ந்ததையும் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.)

"சந்தியாகு. போன வருடம் நூற்றுநான்கு. இந்த வருடம்…" விரலை வரியில் வைத்து நிறுத்தினார். "நூற்றைம்பத்தெட்டு."

"எனக்கா?" என்றான் சந்தியாகு.

"கில்பர்ட் தொண்ணூற்றேழு, நூற்றுநாற்பத்தொன்பது. ராயப்பன் நூற்றுப்பதினொன்று, நூற்றறுபத்துமூன்று. செல்லையா நூற்றிருபது, நூற்றெழுபது. சார் நூற்றுப்பதினெட்டு, நூற்றெழுபத்தொன்று." தாணுவின் குரல் போகப்போக மெதுவானது. "எல்லாருக்கும் ஏறியிருக்கு."

ராயப்பன் எட்டிப் பார்த்துத் தன் வரியை விரலால் தொட்டான்.

"ஏறாம என்ன செய்யும்?" என்றார் மெகராஜ். "ரத்தத்துல இருக்கிற கொழுப்பு நாம தின்ன கொழுப்புன்னு நெனச்சுக்கிட்டு இருக்கிய. பெரும்பங்கு நம்ம ஈரல் தானா செய்யுறது. ஒடம்புக்கு அது வேணும். அது கெடக்கட்டும், சந்தியாகு, ஒங்க ஊர்ல கடையெல்லாம் ஆறு நாளு அடைச்சிட்டா என்ன ஆகும்?"

"குடோன்ல இருந்து எடுத்துக்கிடணும்."

"அப்ப ரோட்டுல லாரி கூடுமா கொறையுமா?"

"கூடும்… அடப்பாவி!"

"அதேதான். வெளியில இருந்து ஒண்ணும் வரலன்னதும் ஒடம்பு சேத்து வச்சத ஒடைச்சு வெளிய எடுக்குது. அது போறது ரத்தம் வழியாத்தான். அதுலயும் ஒங்கள மாதிரி சதையில்லாத ஆளுகளுக்கு நாள்கணக்குல பட்டினி போட்டா இந்த எல்.டி.எல். ஏறத்தான் செய்யும். காப்பு ரோட்டுல ஓடுற லாரிய எண்ணுது. எதுக்கு ஓடுதுன்னு அது கேக்காது. பன்னெண்டு மணி நேரம் வெறும் வயிறுன்னா, ராச் சாப்பாட்டுக்கும் காலைக்கும் நடுவுல உள்ளது, அவ்வளவுதான். பட்டினி கெடக்கச் சொல்லல."

அமலி முன்னால் சாய்ந்தாள். "அப்ப என் ரத்தம் கெட்டதில்லையா?"

"ஒனக்கு மத்தவங்களவிட கொஞ்சம் கூட. அதனால கோட்டைத் தாண்டிருச்சு. மத்தவங்களும் ஏறினாங்க, கோட்டுக்குக் கீழ நின்னுட்டாங்க. இதுக்குப் பேரு கெட்ட ரத்தமா?"

முடிவகம் ஏழு காப்புகளைத் தனித்தனியாகப் பார்த்தது. எட்டுப் பேரும் ஒரே மேசையில் தட்டைக் கவிழ்த்தார்கள் என்பதைக் கேட்க அதன் படிவத்தில் இடமில்லை. தாணு இந்த வாக்கியத்தைக் கடிதத்துக்காக மனதில் கோத்துக்கொண்டிருந்தபோதுதான் பதிவேட்டின் அடுத்த வரியைப் பார்த்தார். பார்த்ததை வாசிக்காமல் இருந்திருக்கலாம். அவரால் அது முடியாது.

"கொம்பையா. போன வருடம் நூற்றுமுப்பத்தொன்று. இந்த வருடம் நூற்றுமுப்பத்திரண்டு."

கொம்பையா கூரையைப் பார்த்தார்.

"அண்ணனுக்கு மட்டும் ஏன் ஏறல?" என்றார் மெகராஜ்.

"அது… எங்க குடும்பத்து ஒடம்பு வாகு லாத்தா. எங்க அய்யா தொண்ணூறு வயசு இருந்தாவ."

மெகராஜ் சிரிக்கவில்லை. "இங்க பாருங்க அண்ணே. மதுரையில மூணு பேரு படிப்பாங்கள்ல, அவங்க இந்த வரியத்தான் மொதல்ல பிடிப்பாங்க. எட்டுப் பேரு பட்டினி, அதுல ஒருத்தருக்கு ஏறவே இல்ல, அப்படின்னா பட்டினி காரணமில்லன்னு சொல்லிருவாங்க. அமலி கடிதம் அத்தோட போச்சு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

கொம்பையா யோசித்தார். அவர் நெற்றியில் வேர்த்தது. அந்த மேடையில் ஒருவனைத் திட்டுவதற்கு எத்தனையோ சொல் உண்டு. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டுப் போவார்கள். 'கயிற்றை விட்டவன்' என்ற சொல்லை மட்டும் யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். பதினோரு வருடத்தில் ஒரே ஓர் ஆளை அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அவன் அடுத்த படகில் போனவன்தான், திரும்பவில்லை.

மணி இரண்டேகால். அமலி எழுந்தாள். இடுப்பு வாரிலிருந்து தன் கொக்கியைக் கழற்றி, மேலாளர் முன்னால் மேசையில் வைத்தாள். தேய்ந்து பளபளத்த எஃகு, மேசையில் ஒருமுறை ஆடி நின்றது.

"விடுங்க லாத்தா. அவியள ஏன் நெருக்குதிய? எனக்கு ரத்தம் கெட்டதில்லன்னு தெரிஞ்சதே போதும். நான் கரைக்குப் போறேன்."

"உக்காரு பிள்ள!" கொம்பையாவின் குரல் அறையை நிறைத்தது. "அந்தக் கொக்கிய மொதல்ல எடு. எடுன்னு சொல்லுதேன்லா!" மூச்சு வாங்கினார். "நான் தின்னேன்."

கொம்பையா புறங்கையால் நெற்றியைத் துடைத்தார்.

"மாவு டின்னுக்குப் பின்னால ஒளிஞ்சு உக்காந்து தின்னேன். சோறும் நெத்திலிக் கருவாடும். மொத நாளு பசி பொறுக்கல. ரெண்டாம் நாளு, மொத நாளு தின்னாச்சே, இனி என்னன்னு தின்னேன். எனக்கு அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டுப் பட்டினி கெடக்க வரல. வேணும்னா அந்த வார்த்தையச் சொல்லிக்கிடுங்க. படகு நிக்கி, நான் போயிருதேன்."

சந்தியாகு மெதுவாக அவர் பக்கம் திரும்பினான். "ஆறு நாளும் எனக்குக் கருவாட்டு வாசம் வந்துச்சு. பசியில எனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டுன்னு நெனச்சு ராத்திரியெல்லாம் செபமாலை சொன்னேன். கருவாடாங்காணும் அது?"

முதலில் சிரித்தது செல்லையா. பிறகு ராயப்பன் மேசையைத் தட்டிச் சிரித்தான். ஆரோக்கியராயன் மேலாளர் முகத்தை எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியுமோ அவ்வளவு நேரம் வைத்திருந்துவிட்டு, கைக்குட்டையால் மூடிக்கொண்டார். அமலி சிரித்தபடியே அழுதாள். மேசையைச் சுற்றி ஓடிவந்து கொம்பையாவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நீங்க தின்னது எனக்காகத் தின்ன மாதிரில்லா ஆயிட்டு!"

"அமலி, உன் இடத்துக்குப் போ!" என்றார் தாணு.

"ஆனா ஒண்ணு" என்றான் சந்தியாகு. "இனிமே தினம் மூணு வேளையும் அண்ணாச்சி எங்க கண்ணு முன்னாடி உக்காந்துதான் திங்கணும். மாவு டின்னுப் பக்கம் போகப்படாது."

அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை.

தாணு எழுதத் தொடங்கினார். எழுதுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம். "இவர்களுள் சமையலர் கொம்பையா மட்டும், மேற்படி ஆறு நாளும், நாளொன்றுக்கு மூன்று வேளை, மற்றவர் அறியாமல் உணவு உண்டார்."

"தாணு, மூணு வேளைன்னு போடாதீய. ரெண்டுன்னு போடுங்க."

"உண்மை எது?"

கொம்பையா பெருமூச்சு விட்டார். "நாலு."

அடுத்து மெகராஜ் மருந்துப் பெட்டியைத் திறந்தார். இப்போது எல்லாரும் மூன்று வாரத்துக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். விரலில் குத்தி இன்றைய எண்ணையும் சேர்த்துவிட்டால் கடிதத்தை அசைக்க முடியாது என்றார். அதுவும் இடம் மாறாமல் நடந்தது. மெகராஜ் மட்டும் எழுந்து நடந்ததாகத் தாணு குறித்தார். ஒவ்வொரு விரலாகக் குத்தி, பட்டையில் தோய்த்து, சிறு கருவியில் செருகி வாசித்தார். சந்தியாகு நூற்றேழு. மேலாளர் நூற்றுப்பதினாறு. கொம்பையா நூற்றுமுப்பது. அமலி கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினாள்.

"நூத்திமுப்பத்தொம்பது" என்றார் மெகராஜ். "கண்ணத் தொற. கொஞ்சம் தேங்காயையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் கொறை. கரைக்கு வரும்போது தைராய்டு ஒருக்கா பாத்துக்க. அது மந்தமா இருந்தாலும் இது கூடும். மத்தபடி வயித்துக்குத் தின்னுட்டு மரமேறி மாதிரி ஏறு."

தாணு தாளில் ஒரு கட்டம் போட்டிருந்தார். எட்டு வரிசை. முந்தைய எண், பட்டினிக்குப் பின், இன்று. ஏழு வரிசை நிறைந்துவிட்டது. எட்டாவதில் அவர் பெயர் மட்டும் இருந்தது. முதல் இரண்டு இடங்களில் 'விலக்கு' என்று எழுதினார். மூன்றாவதில் பேனா நின்றது. அதற்கு விலக்கு கேட்டு யாரும் எழுதவில்லை.

"தம்பி, அந்தக் கட்டம் காலியா இருக்கே?" என்றார் மெகராஜ்.

"நான் எழுதுறவன்தான லாத்தா."

"எட்டுப் பேரு பட்டினின்னு எழுதியிருக்கிய. எட்டாவது ஆளு எங்கன்னு கேப்பாங்களே?"

கேட்பார்கள் என்று தாணுவுக்கும் தெரியும். வாழ்நாளில் அவர் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டு அனுப்பியதில்லை. பள்ளிக்கூடத்தில் விடை தெரியாத கேள்விக்குக்கூட, தெரியாது என்று எழுதி வைத்துவிட்டு வருகிறவர். அமலி மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொம்பையா கருவாட்டையே ஒப்புக்கொண்டுவிட்டார். தாணு இடக்கையை நீட்டினார்.

கருவி வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது போலிருந்தது.

"எரநூத்தி அறுபத்தெட்டு" என்றார் மெகராஜ். சொன்ன குரல் தணிந்திருந்தது.

தாணு எழுதினார். இருநூற்றறுபத்தெட்டு. வரி கோணவில்லை. பல வருடமாக எதிர்பார்த்திருந்த ஆள் வந்து கதவைத் தட்டியது போலத்தான் இருந்தது அவருக்கு.

"நீங்க என்ன தம்பி சாப்பிடுவிய?"

"ரெண்டு இட்லி. மத்தியானம் மோர்சாதம். எண்ணெய்ப் பண்டம் தொடுறதில்ல. அப்பா போனதுலேர்ந்து."

மெகராஜ் அவர் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நிமிர்த்தினார். "கருவிழியச் சுத்தி இந்தச் சாம்பல் வளையம் எப்பருந்து இருக்கு?"

"முப்பது வயசுலேர்ந்தே. அப்பாவுக்கும் இருந்துச்சு. என் தங்கச்சிக்கும் உண்டு. அப்பா கண்ணு அப்படியே வந்திருக்குன்னு சொல்லுவாங்க."

"அப்பா எத்தனை வயசுல போனாங்க?"

"நாப்பத்துமூணு. தாத்தா நாப்பத்தஞ்சு. நான் இன்னும்…" தாணு பேனாவின் மூடியைத் திருகினார். "ரெண்டு வருசம் இருக்குன்னு வச்சிருந்தேன்."

மெகராஜ் இந்தமுறை இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல், தாணுவுக்குப் பக்கத்திலிருந்த கொம்பையாவை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதையும் எழுதிக்கங்க, கொம்பையா அண்ணன் எழுந்தாருன்னு. நல்லாக் கேளுங்க தம்பி. ரத்தத்துல ஓடுற கொழுப்ப ஈரல்தான் பிடிச்சு உள்ள இழுக்கணும். அதுக்குக் கதவு மாதிரி சில உண்டு. சில குடும்பத்துல அந்தக் கதவு பொறக்கும்போதே பாதிதான் இருக்கும். இட்லி தின்னாலும் மோர் குடிச்சாலும் கூடத்தான் இருக்கும். இது பத்தியத்தோட தப்பில்ல, ஒங்க தப்புமில்ல. விரல்ல குத்துனத வச்சு மட்டும் சொல்லக்கூடாது, ஆஸ்பத்திரியில ஒருக்கா உறுதி பண்ணணும். ஆனா இது அதுதான்னா, மாத்திரை இருக்கு. தினம் ஒண்ணு. அது போதலன்னா கூட ஒரு ஊசி இருக்கு. எங்க வாப்பாவுக்கும் சின்ன வயசுலயே இதே கண்ணுதான், தினம் மாத்திரை. எழுபத்தாறு வயசு. காலையிலகூட என்னையத் திட்டித்தான் படகேத்தி விட்டாக."

"எழுபத்தாறா?"

"எழுபத்தாறு. ஒங்க அப்பாவுக்குத் தெரியாமப் போச்சு. ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. ரெண்டு வருசக் கணக்க எடுத்துக் கடல்ல போடுங்க."

அப்பா போன பதினேழாவது வயதிலிருந்து தாணு தன்னோடு வைத்திருந்த ஒன்று, உள்ளே எங்கேயோ சத்தமில்லாமல் இறங்கியது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எதிரே மேலாளரின் தலைக்குப் பின்னால் கடல் இருந்தது. அது எவ்வளவு அகலம் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தது போலப் பார்த்தார்.

"நாளைக்கு விடுப்பு எழுதிக் குடுங்க தாணு, கரைக்குப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார் ஆரோக்கியராயன். "இல்ல, இன்னைக்கே படகுல கிளம்புங்க."

"மூணு பேரும் மதுரையிலேர்ந்து கூப்பிடுறப்ப நான் இங்க, இந்த நாற்காலியில இருக்கணும் சார். இல்லன்னா கடிதம் செல்லாது. ரெண்டு நாள்ல கூப்பிட்டுருவாங்க. முடிஞ்சதும் மின்பொறிச் சாமான் ஏத்துற மிதவை ஒண்ணு வரும்ல, அது கடிதம் ஏத்தாது, ஆளு ஏத்தும், அதுல போறேன்."

"ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆகாது" என்றார் மெகராஜ். "ஆனா மிதவையத் தவற விட்டுறாதிய. தங்கச்சிக்குப் பிள்ளைங்க உண்டா?"

தாணு நிமிர்ந்தார்.

"ரெண்டு."

"இது இருக்கிறவங்க பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு வரலாம். வராமலும் போகலாம். தங்கச்சியும் பாக்கணும், பிள்ளைகளையும் பாக்கணும். சின்ன வயசுல தெரிஞ்சா ரொம்ப நல்லது. போன் போட்டுச் சொல்லிருங்க."

"போன்ல சொன்னா பாதியிலயே அழ ஆரம்பிச்சிருவா. மீதியக் கேக்க மாட்டா. கடிதம்னா கடைசி வரைக்கும் படிப்பா."

மணி மூன்றே கால். தாணு முதல் கடிதத்தை முடித்தார். ஒன்பது பேரும் கையெழுத்திட்டார்கள். கொம்பையா தன் பெயருக்குக் கீழே, யாரும் கேட்காமலே, 'தின்றது உண்மை' என்றும் எழுதினார். தாணு அரக்கை மெழுகுவத்தியில் உருக்கிச் சொட்டவிட்டு, மேடையின் முத்திரையை அழுத்தினார். சட்டப்படி, கடிதம் படகோட்டியின் கைக்கு வந்து முத்திரை பதிவான நிமிடத்திலிருந்து முடிவகத்தின் உத்தரவு நிறுத்தி வைக்கப்படும். கடிதத்தை வாங்க மேலே வந்த படகோட்டி லூர்து தன் கருவியை அரக்கின் மேல் காட்டினார். அமலியின் காப்பு ஒருமுறை அணைந்தது. பிறகு, பதில் வரும்வரை ஏறலாம் என்பதற்கு அடையாளமாக, வெள்ளையாக எரிந்தது.

அவள் கொக்கியை மாட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. சந்தியாகு, "சாப்புட்டியா?" என்று கேட்டான். "எலே, ரெண்டு தட்டு!" என்றாள். கோபுரத்துக் கதவு திறந்து மூடியது.

எல்லாரும் போன பிறகு, தாணு அதே நாற்காலியில் இன்னொரு தாளை எடுத்தார். கை பழக்கத்தில் தானாகவே எழுதியது.

'அன்புள்ள தங்கை உமையாளுக்கு. இருந்தோர்: நான் மட்டும். இடம்: சாப்பாட்டு மேசை, ஜன்னலைப் பார்த்து. பயப்பட ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ பாதியிலேயே அழத் தொடங்குபவள். உன் கண்ணிலும் என் கண்ணிலும் உள்ள அப்பாவின் வளையத்துக்கு ஒரு பெயர் இருக்கிறதாம். அதற்கு மாத்திரையும் இருக்கிறதாம். இந்த வாரத்துக்குள் நீயும் பிள்ளைகளும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். முந்தின இரவு வழக்கம்போல் சாப்பிடு. பட்டினி கிடக்காதே, அது ஏன் என்று நேரில் சொல்கிறேன், சிரிப்பாய். தீபாவளிக்கு வருகிறேன். அடுத்த தீபாவளிக்கும் வருவேன். அதற்கடுத்ததற்கும்.'

படித்துப் பார்த்தார். கடைசி வாக்கியத்தை அடிக்கலாமா என்று யோசித்து, விட்டுவிட்டார்.

படகில் இயந்திரம் உறுமியது. வீட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்த லூர்து, ஜன்னலில் மெழுகுவத்தியைப் பார்த்து, தளத்திலிருந்து கத்தினார்: "அண்ணாச்சி, வீட்டுக் கடிதாசிக்கு எதுக்கு அரக்கு? சும்மா ஒட்டிக் குடுங்க, நேரமாச்சு!"

"ரெண்டு நிமிசம்" என்றார் தாணு.

குச்சியில் மிச்சமிருந்த அரக்கு முழுவதையும் உருக்கினார். உறையின் வாயில் அது சிவப்பாகப் பரவி, முத்திரைக்கு அடியில் மெல்ல இறுகியது. சூடு ஆறும் வரை விரலை எடுக்காமல் வைத்திருந்துவிட்டு, படிக்கட்டில் இறங்கிப்போய் லூர்தின் கையில் கொடுத்தார். பை மூடிக்கொண்டது. படகு கரையைப் பார்த்துத் திரும்பியது.